அரசு வாங்கும் சரக்கில் அண்ணாச்சிக் கடைக்கும் பங்கு வேண்டாமா?



கிழக்குத் தாம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதிக்குச் சரக்குப் போட்டு வந்தார். எந்த விடுதி, யார் அதிகாரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய் என்று மாதம் நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாத சரக்கு. முதல் இரண்டு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து "ஒதுக்கீடு இன்னும் வரவில்லை" என்ற ஒரே பதில். எட்டு மாதம் இழுத்தது. மண்டிக்காரர் எட்டு மாதம் பொறுப்பாரா? வீட்டு நகை அடகுக் கடைக்குப் போயிற்று. பாக்கி ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, கிடைத்த லாபத்தை வட்டி தின்றுவிட்டிருந்தது.

அடுத்த ஆண்டு அந்த விடுதியின் மளிகை முழுவதும் மொத்த டெண்டரில் போயிற்று. இப்போது வேறு மாவட்டத்திலிருந்து லாரியில் சரக்கு வருகிறது. அந்த லாரி நண்பரின் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. "நான் வரி கட்டுகிறேன், தொழில் உரிமம் எடுக்கிறேன், கடையில் மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறேன். அரசாங்கம் வாங்கும் சரக்கில் எனக்கு ஒரு மூட்டைக்குக்கூட வழி இல்லையா?" என்று சென்ற மாதம் அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதன் விளைவே இந்தக் கட்டுரை.

நம்மைச் சுற்றியிருக்கும் பெரிய வாடிக்கையாளர்

நம் பகுதியின் மிகப் பெரிய வாடிக்கையாளர் யார் என்று எண்ணிப் பாருங்கள். தாம்பரத்தில் விமானப்படை நிலையமும் ரயில்வே பணிமனையும் இருக்கின்றன. சானடோரியத்தில் நெஞ்சக நோய் மருத்துவமனையும் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம், மீனம்பாக்கத்தில் விமான நிலையம். வண்டலூர் உயிரியல் பூங்காவில் இருக்கும் வாயில்லா ஜீவன்களுக்கும் தினமும் காய், கனி, தானியம் வேண்டும். இவற்றோடு அரசுப் பள்ளிகள், மாணவர் விடுதிகள், அங்கன்வாடிகள். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 70 வார்டுகள், 5 மண்டலங்கள். துடைப்பம், பினாயில் முதல் எல்.இ.டி. விளக்கு வரை அதற்கும் வாங்க வேண்டியிருக்கிறது.

இத்தனை கொள்முதலும் நடப்பது மக்கள் வரிப்பணத்தில். ஆனால் சண்முகம் சாலையிலோ, குரோம்பேட்டை, பல்லாவரம் கடைவீதிகளிலோ அந்தப் பணத்தின் வாசனை எவ்வளவு தெரிகிறது? அரசு சம்பளம் வாங்குபவர் நம் கடையில் வந்து செலவழிப்பது உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அரசே நேரடியாக வாங்கும் சரக்கு பெரும்பாலும் நம்மைத் தாண்டிப் போய்விடுகிறது.

குறைந்த விலையே வேதம்

காரணம் சதி என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதல் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படியும் அதன்கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகளின்படியும் நடக்கிறது. வேண்டியவருக்குக் கொடுக்கும் பழக்கத்தைத் தடுக்க வந்த நல்ல சட்டம் அது. டெண்டரைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்க வேண்டும். இதில் தவறு காண முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டெண்டரின் அளவைப் பெரிதாக வைத்துவிட்டால் சிறியவர் வாசலுக்கே வர முடியாது. பல லட்சம் முன்வைப்புத் தொகை, மூன்று ஆண்டுக் கணக்கு, கோடிக்கணக்கில் விற்றுமுதல் என்று நிபந்தனைகளை அடுக்கினால் விலைப் போட்டி தொடங்குமுன்பே நாம் வெளியே நிற்கிறோம். அதன்பின் குறைந்த விலை யாருக்கு என்பது நாலைந்து பெரியவர்களுக்குள் முடிந்துபோகும் விஷயம்.

பொங்கல் தொகுப்பு சொல்லும் பாடம்

2022ஆம் ஆண்டுப் பொங்கலை நம் வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பச்சரிசி, வெல்லம், முந்திரி, ஏலக்காய் தொடங்கி மஞ்சள்தூள், கடுகு, சீரகம், புளி, ரவை, உப்பு வரை கரும்பையும் துணிப்பையையும் சேர்த்து 21 பொருள்கள். சுமார் 2 கோடியே 15 லட்சம் அட்டைதாரர்களுக்கு. ஏறக்குறைய நம் கடையின் மார்கழி மாதச் சிட்டை முழுவதும் ஒரே பைக்குள் போய்விட்டது. ஏழை வீட்டில் பொங்கல் பொங்கியது என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஆண்டு பொங்கல் வியாபாரம் எப்படி இருந்தது என்று உங்கள் பேரேட்டைக் கேளுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு கிலோ வெல்லம் என்றால் மொத்தம் 21,000 டன்னுக்கு மேல். இதைச் சில வாரங்களில் கொடுக்க எந்தத் தனி மண்டிக்காரரால் முடியும்? பெரிய ஒப்பந்ததாரர்களால்தான் முடியும். அப்படி வாங்கியும் என்ன ஆயிற்று? பல ஊர்களில் வெல்லம் ஒழுகியது, புளி சரியில்லை என்று புகார்கள் கிளம்பின. முதலமைச்சர் மட்டத்தில் ஆய்வுக் கூட்டம் நடந்து, தரமற்ற சரக்குக் கொடுத்தவர்கள் மீது நடவடிக்கைக்கு உத்தரவாயிற்று. அடுத்த ஆண்டு 21 பொருள் தொகுப்பு இல்லை. பச்சரிசி, சர்க்கரை, கரும்பு, ரொக்கம் ஆயிரம் ரூபாய் என்று மாறியது. கரும்பை விவசாயிகளிடமே நேரடியாக வாங்க ஏற்பாடு. ரொக்கம் வீட்டுக்கு வந்தது. அதில் ஒரு பங்கு நம் கல்லாவுக்கும் வந்தது.

மொத்தமாக வாங்கினால் விலை குறையலாம். தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. வாங்கும் முறையை மாற்றினால் அதே பணம் வேறு கைகளுக்குப் போகிறது. இந்த இரண்டு பாடங்களையும் நாம் மறந்துவிடலாகாது.

நெசவாளிக்குக் கிடைத்தது

அரசாங்கம் சரக்கு வாங்கும்போதே ஊர் மக்களுக்கும் ஒரு நன்மையைச் சேர்த்துக் கட்டலாம் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிய சரக்கல்ல. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழைகளுக்குப் பொங்கலுக்கு உடை என்பது அதன் ஒரு முகம். கைத்தறி, விசைத்தறி நெசவாளர்களுக்குத் தொடர்ந்து வேலை கொடுப்பது மறுமுகம். எங்கே மலிவோ அங்கே வாங்கு என்று விட்டிருந்தால் வேறு மாநில ஆலைத்துணி வந்து இறங்கியிருக்கும். கூட்டுறவு நெசவாளர் சங்கங்கள் வழியே வாங்குவது என்று முடிவு செய்ததால் தறி ஓடுகிறது.

பள்ளிச் சீருடையும் அப்படித்தான். துணி நெசவாளர் சங்கங்களிலிருந்து. தைப்பது மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் பெரும்பாலான இடங்களில் அந்தந்தப் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள்.

மளிகைக் கடைக்கும் ஒரு சிறு உதாரணம் உண்டு. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வருகிறது. காய்கறி, தாளிதப் பொருள், எரிபொருள் ஆகியவற்றுக்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. அமைப்பாளர் அதை உள்ளூரில் வாங்குகிறார். தொகை சிறிது, ஆனால் எத்தனையோ பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளில் சத்துணவுக் கணக்கு என்று ஒரு நோட்டு இருக்கிறது. மிளகாய் வண்டு பிடித்திருந்தால் மறுநாள் காலையில் அமைப்பாளர் கடையிலேயே வந்து கேட்டுவிடுவார். கேட்கும் தூரத்தில் வியாபாரி இருப்பதும் தரத்துக்கு ஒரு காவல்தான்.

வணிகரை ஒதுக்கிய சட்டம்

மத்திய அரசும் சிறுதொழிலுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணைப்படி, மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். முதலில் 20 சதவீதம். 2018 முதல் 25 சதவீதம். அதற்குள் ஆதி திராவிடர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதம், பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதம். டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகை கிடையாது. சிறு நிறுவனத்தின் விலை, மிகக் குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்து, அந்தக் குறைந்த விலைக்கே தர அவர் ஒப்புக்கொண்டால் ஒரு பங்கு அவருக்கு உண்டு. அரசுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்தச் சலுகை, தானே உற்பத்தி செய்த பொருளையும் தான் செய்யும் சேவையையும் தரும் நிறுவனங்களுக்கு மட்டும். வாங்கி விற்கும் வணிகருக்குக் கிடையாது. 2021 ஜூலை 2ஆம் தேதி சில்லறை, மொத்த வணிகரையும் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பட்டியலில் சேர்த்தார்கள். நம்மில் பலர் உடனே உத்யம் பதிவு செய்து சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினோம். ஆனால் அந்த ஆணையிலேயே பலன் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. வங்கியில் கடன் கேட்கலாம். கொள்முதலில் பங்கு கேட்க முடியாது.

பணம் வராத சங்கதியும் இதில்தான் அடங்கியிருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அரசு அலுவலகமானாலும் இது பொருந்தும். பட்டறைக்காரருக்கு இந்தக் கவசம் இருக்கிறது. பலசரக்குக் கடைக்காரருக்கு இல்லை. நம் நண்பர் எட்டு மாதம் நடந்தபோது அவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு சட்டப்பிரிவும் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

உற்பத்தியாளருக்குத்தானே சலுகை, இடையில் நிற்பவருக்கு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு நியாயம் அதில் இருக்கிறது. வெளிமாநிலச் சரக்கை வாங்கி, பெயர்ப்பலகையை மட்டும் உள்ளூரில் மாட்டிக்கொண்டு சலுகை கேட்பவர் கிளம்பிவிடக்கூடும். எனவே விலையில் சலுகை என்று நாம் கேட்கவே வேண்டாம். சரக்குக் கொடுத்தவருக்குக் காலத்தில் பணம், கொடுக்கக்கூடிய அளவில் டெண்டர் என்ற இரண்டையும் கேட்பதற்கு நாம் யாரிடமும் கூச வேண்டியதில்லை.

மற்ற நாட்டில் செய்தது

பிரேசில் நாட்டில் 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடமும் அவர்களுடைய சங்கங்களிடமும் நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். பிள்ளைகளுக்கும் உணவாயிற்று, பக்கத்து ஊர் விவசாயிக்கும் நிச்சயமான சந்தையாயிற்று.

இங்கிலாந்தில் பிரஸ்டன் என்று ஒரு நகரம். பழைய பஞ்சாலை ஊர். பெரிய வணிக வளாகம் ஒன்று வரும், ஊர் பிழைக்கும் என்று பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2011இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் நகர மன்றம், மாவட்ட நிர்வாகம், காவல்துறை, கல்லூரிகள், வீட்டுவசதி அமைப்பு ஆகிய ஆறும் உட்கார்ந்து, "நாம் வாங்கும் சரக்குக்கும் சேவைக்கும் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?" என்று கணக்குப் போட்டுப் பார்த்தன. 2012-13இல் நூற்றுக்கு 5 பங்குதான் ஊருக்குள் நின்றது. பிறகு டெண்டர்களை அமைக்கும் முறையை மாற்றினார்கள். பள்ளி உணவு ஒப்பந்தத்தை ஒரே கட்டாக விடாமல் பால், தயிர், பாலாடைக்கட்டி, முட்டை என்று பிரித்தார்கள். அந்த வட்டார வியாபாரிகளும் பண்ணைக்காரர்களும் உள்ளே வந்தார்கள். 2016-17இல் 5 பங்கு 18 பங்காயிற்று. இதற்காக வெளியூர்க்காரருக்குத் தடை எதுவும் போடவில்லை. கட்டை அவிழ்த்துச் சிறு கட்டாக்கினார்கள், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால், உள்ளூருக்கு வேலை, பயிற்சி, துணை ஒப்பந்தம் போன்ற நன்மைகளைச் சேர்க்க முடியுமா என்று அதிகாரி ஆராய்ந்தே ஆக வேண்டும். சேர்க்கவில்லையென்றால் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். நம் ஊரில் இப்படிக் காரணம் எழுதச் சொன்னாலே பாதி வேலை நடந்துவிடும்!

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, சரக்கைப் பிரித்து டெண்டர் விட வேண்டும். இதில் ஒரு எச்சரிக்கை. மேலதிகாரியின் ஒப்புதலைத் தவிர்ப்பதற்காகக் கொள்முதலைத் துண்டு போடுவதை விதிகள் தடை செய்கின்றன, அது சரியும்கூட. நாம் கேட்பது ஒரே பகிரங்க டெண்டர். அதற்குள் பொருள்வாரியாக, மண்டலவாரியாகத் தனித்தனிப் பிரிவுகள். பருப்புக்கு ஒருவர், எண்ணெய்க்கு ஒருவர் விலை சொல்லலாம். பெரியவரும் எல்லாப் பிரிவுக்கும் விலை சொல்லட்டும்; யாருக்கும் தடை இல்லை. மாநகராட்சியின் ஐந்து மண்டலங்கள் இதற்கு வசதியாகவே அமைந்திருக்கின்றன.

இரண்டாவது, ஒப்பந்தத்திலேயே 45 நாள் நிபந்தனை. இதற்குப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கும் நிறுவனம் தன் ஒப்பந்த நிபந்தனையில் எழுதலாம். "சரக்கு ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம், தவறினால் இன்ன வட்டி" என்ற ஒரு வரி போதும்.

மூன்றாவது, முன்வைப்புத் தொகையும் விற்றுமுதல் நிபந்தனையும் சரக்கின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். இரண்டு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு இரண்டு கோடி விற்றுமுதல் கேட்பது எலிக்குட்டிக்கு யானைச் சங்கிலி.

நான்காவது, பிரிக்க முடியாத பெரிய ஒப்பந்தங்களில் வென்றவர் மீது ஊர் நன்மைக்கான நிபந்தனை. கேன்டீன் ஒப்பந்தம் என்றால் மளிகையில் இத்தனை பங்கு வட்டாரக் கடைகளில், இத்தனை வேலை வட்டார இளைஞர்களுக்கு என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். எழுதியதை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். எண்ணிக்கை இல்லாத நிபந்தனை, கல் இல்லாத தராசு.

நம் பக்கத்துக் கடமை

கேட்பவன் தகுதியோடு கேட்க வேண்டும். உள்ளூர் வியாபாரிகளுக்கு வாய்ப்பு என்றதும் நாலு பேர் கூடி விலையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டே கதவு மூடப்படும், மூடுவதும் நியாயம். நம் பெயரைக் கெடுக்க வெளியாள் தேவையில்லை.

ஒவ்வொரு சரக்குக்கும் முறையான பில் வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம், முத்திரையிட்ட எடைக்கருவி, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு ஆகியவை கோப்பில் தயாராக இருக்க வேண்டும். வரிக்குட்பட்ட சரக்கில் இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட அரசு ஒப்பந்தமானால் 2 சதவீத ஜி.எஸ்.டி. பிடித்தம் உண்டு, 2018 அக்டோபர் முதல் இது நடைமுறை. பிடித்த பணம் போய்விட்டதென்று நினைக்க வேண்டாம், நம் ஜி.எஸ்.டி. கணக்கில் வரவாகிவிடும். டெண்டர்கள் இப்போது பெரும்பாலும் இணையம் வழியே நடப்பதால் டிஜிட்டல் கையொப்பம் தேவை. மத்திய அரசு நிறுவனங்கள் 2016இல் தொடங்கிய 'ஜெம்' என்ற மின்சந்தையில் வாங்குகின்றன. வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதிவு செய்துவிடலாம்.

இன்னொரு வழி பலருடைய கண்ணில் படுவதில்லை. நம்மில் எத்தனையோ பேர் கடையோடு மாவு மில் வைத்திருக்கிறோம். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துப் பொட்டலம் போடுகிறோம். செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறோம். அரைத்தும் ஆட்டியும் விற்பது உற்பத்தி. அந்தத் தொழிலை உற்பத்தி என்றே உத்யம் பதிவில் காட்டினால், அந்தப் பொருள்களைப் பொறுத்தவரை கொள்முதல் ஒதுக்கீடும் முன்வைப்புத் தொகை விலக்கும் 45 நாள் சட்டமும் நமக்கும் வரும். வாங்கி விற்கும் பருப்புக்கு இது பொருந்தாது. அரைத்த சாம்பார் பொடிக்குப் பொருந்தும். வெறும் வணிகர் என்று பதிந்து வைத்திருப்பவர்கள் சான்றிதழை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

தனியே முடியாததைச் சேர்ந்து செய்யலாம். பத்துக் கடைக்காரர்கள் கூட்டு நிறுவனமாகவோ கூட்டுறவாகவோ பதிவு செய்துகொண்டால் கோயம்பேட்டில் மொத்தமாக எடுக்கலாம். தரம் பார்க்க ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு விடுதியில் பணம் தாமதமானாலும் ஒரே குடும்பத்தின் நகை அடகுக்குப் போகாது.

முடிவாக ஒரு வார்த்தை

ஒவ்வோர் ஆண்டும் மே 5ஆம் தேதி வணிகர் தினத்தில் கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறோம். அந்நிய முதலீடு, ஆன்லைன் வணிகம், வரிச்சுமை பற்றித் தீர்மானம் போடுகிறோம். அவை வேண்டியவைதான். அந்தப் பட்டியலில் அரசுக் கொள்முதலும் ஒன்றாகச் சேரட்டும். அதற்கு முன், நம் சங்கத்திலிருந்து ஐந்து பேர் சென்று, "சென்ற ஆண்டு என்னென்ன வாங்கினீர்கள், எத்தனை டெண்டர், அதில் எத்தனை நம் பகுதிக்கு வந்தது?" என்ற கணக்கை மாநகராட்சியிடம் எழுத்து மூலம் கேட்கட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. பிரஸ்டன் ஊர்க்காரர்களும் முதலில் செய்தது கணக்குப் பார்த்ததுதான். கணக்குப் பார்ப்பது நமக்கென்ன புதிதா?

கிழக்குத் தாம்பரத்து நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மில் உள்ளே ஒரு மூலையில் சும்மா கிடக்கிறது; முதலில் அதற்குப் பெல்ட் மாற்றுகிறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனால் அந்த 45 நாள் வரியை எப்படியாவது எழுதச் சொல்லுங்கள், அண்ணாச்சி. அது இல்லாமல் இன்னொரு முறை விடுதிப் பக்கம் போக வீட்டில் விட மாட்டார்கள்" என்றார்.

அந்த ஒரு வரிக்காகவாவது நாம் ஒன்று சேர வேண்டும்.